பண்டாரி பதில்கள்: பாய்க்கப்பலில் மூன்று மாதம்

(கப்பல் சமையற்காரரைப் பண்டாரி என்பது கடலோடிகளின் வழக்கம். சரக்குக் கப்பல்களில் அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கும் நம் பண்டாரி, ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற பழைய பாய்க்கப்பல்களைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறார்.)

மன்னார்குடி வாசகர்: ஐயா, மகனைப் பார்க்க அடிலெய்டு போயிருந்தபோது, துறைமுகத்தில் ஒரு பழைய மரக்கப்பலைக் காட்டினான். கிளிப்பர் என்றான். விமானத்தில் ஒரே நாளில் போய்விட்டேன். அந்தக் கப்பல் எத்தனை நாளில் போயிருக்கும்?

நீங்கள் பார்த்தது 'சிட்டி ஆஃப் அடிலெய்டு'. 1864இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டியது. விலா எலும்புகள் இரும்பு, மேல்தோல் மரப்பலகை. இங்கிலாந்துக்கும் அடிலெய்டுக்கும் இடையே 23 முறை போய்வந்த கப்பல். நல்ல காற்று கிடைத்த ஒரு பயணத்தில் 65 நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பொதுவாக அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு எண்பது, தொண்ணூறு நாள் ஆகும். காற்று கைவிட்டால் அதற்கும் மேல். வயதான பிறகு மரம் ஏற்றியது, மருத்துவமனையாக இருந்தது, ஸ்காட்லாந்தில் தண்ணீருக்குள் மூழ்கியும் கிடந்தது. 2014இல்தான் வேறொரு கப்பலின் முதுகில் ஏறி அடிலெய்டுக்குத் திரும்பியது.

கிளிப்பர் என்றால் ஒடுங்கிய உடல், கூரிய அணியம் (கப்பலின் முன்முனை), உயர்ந்த மூன்று பாய்மரம், தாங்கக்கூடிய அளவுக்குமேல் பாய். போன வழிதான் வேடிக்கை. அட்லாண்டிக்கில் பிரேசில் பக்கமாக ஒதுங்கி இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் தெற்கே போய், 40 பாகைக்குக் கீழே கிழக்கே திரும்புவார்கள். நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று அங்கே ஆண்டு முழுவதும் ஓயாது. பூமி உருண்டை என்பதால் வரைபடத்தில் வளைந்து தெரியும் வழிதான் உண்மையில் குறுக்குவழி. எவ்வளவு தெற்கே போகிறார்களோ அவ்வளவு நாள் மிச்சம். அவ்வளவு குளிரும் கூட: தளத்தில் பனி விழும், பனிப்பாறைகள் மிதந்து வரும். நடுவில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் போன கப்பல்களே அதிகம்.

கும்பகோணம் வாசகி: மூன்று மாதம் கடைத்தெரு இல்லாமல் என்ன சாப்பிட்டிருப்பார்கள்?

என் வாய்க்கு ஏற்ற கேள்வி, அம்மா. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

1855இல் பிரிட்டனில் வந்த பயணிகள் சட்டம், கீழ்த்தளத்துப் பயணிக்கு வாரத்துக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டது: கப்பல் பிஸ்கட், கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, அரிசி, பட்டாணி, உருளைக்கிழங்கு, உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, தேயிலை, சர்க்கரை, கடுகு, மிளகு, வினிகர், எலுமிச்சைச் சாறு. தாளில் படித்தால் கல்யாணப் பந்தி மாதிரி இருக்கும். பிஸ்கட் கல், அதற்குள் வண்டு. இறைச்சியை உப்புநீர்ப் பீப்பாயிலிருந்து எடுத்து, ஊறவைத்து ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகுதான் பானையில் போட முடியும். உருளைக்கிழங்கு பாதி வழியில் முளைத்துவிடும். எலுமிச்சைச் சாறு ருசிக்காக அன்று. அது இல்லாவிட்டால் ஈறு வீங்கிப் பல் ஆடும்.

சமைக்கும் முறையைச் சொல்கிறேன். ஆறு பேர், எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு பந்திக்குழு. குழுவுக்கு ஒரு தலைவர். அவர் பண்டகசாலைக்குப் போய்ப் பொருளை அளந்து வாங்கி வருவார். மாவைப் பிசைவது, கொழுப்பும் உலர்திராட்சையும் சேர்த்து உருண்டையாகத் துணியில் கட்டுவது எல்லாம் பயணிகள் வேலை. கட்டிய பொட்டலத்தில் தங்கள் குழுவின் அடையாளத் தகட்டை மாட்டிச் சமையற்கட்டில் கொடுப்பார்கள். சமையற்காரன் எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் போட்டு வேகவைப்பான். தளத்தின்மேல் சின்ன அறை, நிலக்கரி அடுப்பு, வாசலில் நூற்றுக்கணக்கான பேர். என் காலத்தில் எனக்கு மின்அடுப்பு இருந்தது. பாத்திரம் சரியாமல் இருக்க அடுப்பைச் சுற்றித் தடுப்புக்கம்பி இருந்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் சமைத்ததில்லை. அதற்கே உப்பு அதிகம், காரம் குறைவு என்று மாலுமிகளின் தலைவரான செராங் தினமும் ஒரு குறை சொல்வார். அந்தச் சமையற்காரனுக்கு எத்தனை வசவு விழுந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. புயல் வந்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அன்று பிஸ்கட்தான்.

மேல்தட்டு அறைப் பயணிகளுக்கு வேறு சோறு. தளத்தில் கூண்டுகளில் கோழி, ஆடு, பன்றி, பாலுக்கு ஒரு பசு. புதுக்கறி வேகும் வாசனையைத்தான் கீழ்த்தளத்துக்காரன் சாப்பிட்டான்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: குளியல், துணி துவைப்பு எல்லாம் எப்படி? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம். கப்பலின் கதையே அங்கேதான் இருக்கிறது.

ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குவார்ட் தண்ணீர். நம் கணக்கில் மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள்தான் குடிநீரும் தேநீரும் முகம் கழுவுவதும். குளிக்க, துவைக்கக் கடல்நீர். ஆண்கள் விடியற்காலையில் தளத்தில் நின்று வாளி வாளியாக ஊற்றிக்கொள்வார்கள். சாதாரண சோப்பு கடல்நீரில் நுரைக்காது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு நுரைக்கும். அதனால் அதற்கே கடல் சோப்பு என்று பெயர். வாரத்துக்கு இரண்டு நாள் துவைக்கும் நாள். உப்புநீரில் துவைத்த துணி வெயிலில் காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது, தோலை அரிக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் மழை கொட்டினால் கப்பல் முழுவதும் திருவிழா. பாயைத் தாழ்த்தி நீர் பிடித்து, இருக்கிற துணியையெல்லாம் நனைப்பார்கள்.

மாற்றுத்துணி பெட்டியில் இருக்கும். பெட்டி கப்பலின் அடிவயிற்றில் இருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறைதான் பெட்டிகளை மேலே எடுத்துத் தருவார்கள். அதுவரை உடுத்தியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொரு பதிலுக்கு வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து கல்லூரி மாணவி: தனியாகப் பெண்கள் போனார்களா?

நிறையப் பேர். அங்கே வீட்டு வேலைக்குப் பெண்கள் தேவைப்பட்டதால் அரசே கட்டணம் கொடுத்து அழைத்துப் போனது. அணியத்தில் மணமாகாத ஆண்கள், நடுவில் குடும்பங்கள், அமரத்தில், அதாவது கப்பலின் பின்பகுதியில், மணமாகாத பெண்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே தடுப்புச் சுவர். பெண்கள் பகுதிக்கு ஒரு மேற்பார்வை அம்மாள் இருப்பார். மாலுமிகளோடு பேசக்கூடாது, இருட்டியதும் கீழே இறங்கிவிட வேண்டும், பிறகு கதவுக்குப் பூட்டு. பாதுகாப்பு என்றார்கள். மாலுமியைப் பூட்டிவைத்தால் பாயை யார் இழுப்பது? ஆகவே பெண்களைப் பூட்டினார்கள்.

வலங்கைமான் வாசகர்: கப்பலில் பூனை உண்டா?

உண்டு. எலியும் உண்டு.

பட்டுக்கோட்டை வாசகர்: நடுக்கடலில் நோய் வந்தால்?

1852இல் 'மார்க்கோ போலோ' என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து 76 நாளில் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. உலகமே வாய்பிளந்தது. மெல்போர்ன் பக்கம் தங்கம் தோண்ட ஓடிவிடக்கூடாது என்று தன் மாலுமிகளையே சிறையில் போடவைத்து, புறப்படும் நாளில் மீட்டுக்கொண்டு அதே வேகத்தில் திரும்பினார் கேப்டன் ஃபோர்ப்ஸ். இந்தக் கதையைக் கடலோடிகள் எல்லாரும் சொல்வார்கள். அதே பயணத்தில் தட்டம்மையால் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததைச் சொல்பவர்கள் குறைவு.

அதே ஆண்டு 'டைகாண்டரோகா' என்ற கப்பலில் ஏறத்தாழ 800 பேர், பெரும்பாலும் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடும்பங்கள். இரண்டு அடுக்குக் கீழ்த்தளம், காற்றோட்டம் போதாது. டைஃபஸ் காய்ச்சல் பரவி நூறு பேர் கடலிலேயே இறந்தார்கள். பாய்த்துணியில் வைத்துத் தைத்து, காலில் எடை கட்டி, ஒரு பிரார்த்தனை சொல்லிக் கடலில் இறக்குவது வழக்கம். கரை சேர்ந்த பிறகும் தனிமை முகாமில் பலர் இறந்தார்கள். டைஃபஸ் பேன்வழி பரவுகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் கண்டுபிடித்தது 1909இல்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு கப்பல் மருத்துவர்கள் கெட்ட காற்றைத்தான் குற்றம் சொன்னார்கள். மாற்றுத்துணி அடிவயிற்றில் கிடக்க, உடுத்திய கம்பளிச் சட்டையில் பேன் பெருகிக்கொண்டிருந்தது.

ஆனாலும் நல்ல மருத்துவர்கள் தெரியாமலேயே சரியானதைச் செய்தார்கள். தினமும் படுக்கையைச் சுருட்டி மேலே கொண்டுவந்து உதறச் சொன்னார்கள். தரையை ஈரமில்லாமல் கல்லால் தேய்க்கவைத்தார்கள். பிளீச்சிங் தூள் தெளித்தார்கள். அரசு ஏற்பாட்டில் போன கப்பல்களில், உயிரோடு கரையிறங்கும் ஒவ்வொரு தலைக்கும் மருத்துவருக்கு இவ்வளவு தொகை என்று பேச்சு. எனக்குத் தெரிந்து கப்பல் தொழிலில் போட்ட ஒப்பந்தங்களில் இதைவிடப் புத்திசாலித்தனமானது இல்லை. வேகத்துக்குப் பரிசு வாங்கிய கேப்டன்களின் படம் சுவரில் தொங்குகிறது. துடைப்பமும் வாளியுமாகக் கீழ்த்தளத்தில் சண்டை போட்ட மருத்துவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், ஒரு கிளிப்பர் நல்ல கப்பலா என்பதைப் பாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. கீழ்த்தளத்துத் தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நன்னிலம் வாசகர்: வேகம் என்றால் எவ்வளவு வேகம்?

'லைட்னிங்' என்ற கப்பல் 1854இல் ஒரே நாளில் 436 கடல் மைல் ஓடியதாகக் குறிப்பு இருக்கிறது. ஏறத்தாழ 800 கிலோமீட்டர். நாகையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் பாதி வழிக்கு மேல். நீராவிக் கப்பல்களுக்கு அப்போது அந்த வேகம் கிடையாது. மேலே சொன்ன ஃபோர்ப்ஸ் அடுத்த ஆண்டு 'ஷோம்பெர்க்' என்ற புத்தம்புதுக் கப்பலை அதன் முதல் பயணத்திலேயே ஆஸ்திரேலியக் கரையருகே மணல்திட்டில் ஏற்றினார். பயணிகள் பிழைத்தார்கள், கப்பல் போயிற்று.

சீர்காழி வாசகி: பொழுது எப்படிப் போயிற்று?

ஏழு மணிக்கு எழுவது, ஒரு மணிக்குப் பெரிய சாப்பாடு, ஆறு மணிக்குத் தேநீர், பத்து மணிக்குப் படுக்கை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். 'லைட்னிங்'கில் அச்சடித்தே வெளியிட்டார்கள். நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது ஒரு மாலுமி கடல்ராஜா வேஷம் போட்டு வருவான். முதல்முறை வருபவனைத் தாரும் சோப்பும் பூசிச் சவரம் செய்து தொட்டியில் தள்ளுவார்கள். எனக்குப் பிடித்தது வைக்கோல் குதிரை. மாலுமிகள் ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாக வாங்கிக் கரையிலேயே தீர்த்துவிட்டு வருவார்கள். முதல் மாத உழைப்பு முழுவதும் அந்தக் கடனுக்கே. மாதம் முடிந்ததும் வைக்கோலில் குதிரை செய்து, பாட்டுப் பாடிப் பாய்மரத்தில் ஏற்றிக் கடலில் விடுவார்கள். முன்பணத்தில் வாழ்ந்தவனுக்குத்தான் அந்தக் குதிரையின் அருமை தெரியும்.

நாகூர் வாசகர்: நம் பக்கத்து மக்கள் அந்தக் கப்பல்களில் போனார்களா?

இல்லை. லிவர்பூல், லண்டன், பிளிமத்தில் ஏறி நேரே ஆஸ்திரேலியாவில் இறங்குகிற கப்பல்கள் அவை. நம் கரைக்கும் அவற்றின் வழிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் நம் டெல்டாவிலிருந்தும் பாய்க்கப்பல்கள் ஆட்களை ஏற்றிப் போயின. நாகையிலிருந்து பினாங்குக்கு, அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்காலிலிருந்து ரீயூனியன், மார்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு. அங்கே போனவன் நிலம் வாங்கலாம், தங்கம் தோண்டலாம் என்று போனான். இங்கிருந்து போனவன் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போனான். ஆஸ்திரேலியாவுக்கு நம்மவர் போக நினைத்திருந்தாலும், 1901இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: அதிகாரி விரும்பிய ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் சொல்வார், பிழையின்றி எழுத வேண்டும். யாரைத் தடுக்க என்று எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து நம் பக்கம் குதிரைகள் மட்டும் தாராளமாக வந்தன. சென்னை ராணுவத்துக்கு ஆஸ்திரேலியக் குதிரை என்றால் தனி மதிப்பு.

திருவாரூர் வாசகர்: நீங்கள் அதில் போவதாக இருந்தால் எங்கே படுப்பீர்கள், என்ன கொண்டுபோவீர்கள்?

கீழ்த்தளத்தில் ஆளுக்கு ஆறு அடி நீளம், பதினெட்டு அங்குல அகலம். புரண்டு படுக்க பக்கத்து ஆளின் அனுமதி வேண்டும். அணியம் வேண்டாம், அலையில் ஏறி இறங்கிக் குடலைப் புரட்டும். நடுக்கப்பலில், மேலே ஏறும் வழிக்குச் சற்றுத் தள்ளி இடம் கேட்பேன். ஆட்டம் குறைவு, காற்று வரும். வழிக்கு நேர் கீழே படுத்தால் ஒவ்வொரு அலைக்கும் நனைய வேண்டும்.

குறைந்தது ஆறு சட்டை, ஆறு ஜோடிக் காலுறை, இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு முழு உடை இருந்தால்தான் அரசு ஏற்பாட்டில் ஓர் ஆண் பயணியைக் கப்பலில் ஏற்றுவார்கள். அதைப் பெட்டியில் போட்டுவிடுவேன். இரண்டு சட்டையை மட்டும் கையோடு வைத்துக்கொள்வேன், காரணம் மேலே சொல்லிவிட்டேன். தேங்காய் எண்ணெய் சோப்பு நாலு கட்டி. ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய். அந்த உப்பிறைச்சியோடு சேருமா என்று கேட்காதீர்கள். அரிசி வாரம் ஒருமுறை அளப்பார்கள் அல்லவா, அன்றைக்கு.