பெயிண்ட் வாசனை வந்தால் ஆய்வாளர் வருகிறார்: தொழிற்சாலைப் பாதுகாப்பு கேள்வி பதில்

இருபத்தாறு ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டப் பிரிவுகளின் எண்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எங்கும் பொருந்துவதையே சொல்கிறேன். உங்கள் நாட்டு விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்கிறேன். மூடியைத் திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தும் சுவிட்சை, மூடி திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடும்படி மேற்பார்வையாளரே கம்பியால் கட்டிவைத்திருக்கிறார். விபத்து நடந்தால் தவறு யாருடையது?

விபத்து அறிக்கையில் முதலில் உங்கள் பெயருக்கு நேராகத்தான் "கவனக்குறைவு" என்று எழுதுவார்கள். நானும் அப்படி எழுதியவன்தான். மூன்றாவது அறிக்கையை எழுதும்போதுதான் பேனா நின்றது. ஆட்கள் மூன்று பேர், இயந்திரம் மட்டும் ஒன்று. கவனக்குறைவு எப்படி ஒரே பிரஸ்ஸைத் தேடித் தேடி வரும்?

சுழலும் பாகங்களுக்கு அடைப்புப் போடும் பொறுப்பு ஆலை உரிமையாளருடையது என்று பிரிட்டனில் 1844லேயே சட்டம் சொல்லிவிட்டது. சுவிட்சைக் கட்டச் சொன்னவர் மேலாளராக இருந்தால் பொறுப்பு இன்னும் மேலே போகும். ஆனால் கம்பியை அவிழ்ப்பதோடு வேலை முடியாது. எதற்காகக் கட்டினார்கள் என்று பாருங்கள். மூடியைத் திறந்து மூடும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் உற்பத்தி இலக்கு வைத்திருப்பார்கள். அந்த இலக்கு மாறாதவரை, இன்று அவிழ்த்த கம்பி நாளை மறுபடியும் ஏறிவிடும். மூடியைத் திறக்காமலே தகட்டை உள்ளே செலுத்த வழி செய்வதுதான் சரியான தீர்வு. அதுவரை, தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாளர் வரும் நாள் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இது முறையா?

முறையல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை (1947) ஆய்வாளருக்கு இரவு பகல் எந்நேரமும் முன்னறிவிப்பின்றி உள்ளே நுழையும் உரிமை தருகிறது. தெரிந்து வரும் ஆய்வுக்கு நாங்கள் என்ன செய்வோம்? முதல் நாளே தரையில் மஞ்சள் கோடு போடுவோம், தீயணைப்புக் கருவிகளைத் துடைப்போம். பெயிண்ட் வாசனையை வைத்தே தொழிலாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரே ஓர் ஆய்வாளரை மறக்க முடியவில்லை. நாங்கள் நீட்டிய கோப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, "முதலில் பின்பக்க அவசர வழியைத் திறந்து காட்டுங்கள்" என்றார். திருட்டுப் பயத்தில் பூட்டி வைத்திருந்தோம். சாவி கிடைக்கப் பதினோரு நிமிடம் ஆனது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா?

வரக் கூடாது. புகார் கொடுத்தவரை ஆய்வாளர் காட்டிக்கொடுக்கக் கூடாது. புகாரின் பேரில்தான் வந்தேன் என்று முதலாளியிடம் சொல்லவும் கூடாது என்கிறது அதே உடன்படிக்கை. நடைமுறையோ வேறு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் யார் எழுதியது என்பதை ஊகிக்க அரை மணி நேரம் போதும். ஆகவே உங்களுக்கு மட்டுமே தெரிந்த விவரத்தைப் புகாரில் எழுதாதீர்கள். எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட், என்ன ஆபத்து என்பது போதும். சங்கம் இருந்தால் அதன் வழியாகப் போவது மேல்.

எங்கள் ஆலைக்குச் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. இனிக் கவலை வேண்டாம் அல்லவா?

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கும் அப்படி ஒரு சான்றிதழ் இருந்தது. அது கிடைத்த சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அடுத்த ஆண்டே வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற பல மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதற்கு முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது; மேலே தையல் ஆலைகளில் இருந்தவர்களை உள்ளே போகச் சொன்னார்கள். 1,134 உயிர்கள் போயின. அதன்பின் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆய்வறிக்கைகளை எவரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், சட்டகம் போட்டு மாட்டிய சான்றிதழைவிட, நாலு பேர் படிக்கக்கூடிய அறிக்கைக்குத்தான் முதலாளி பயப்படுவார்.

ஆபத்தான வேலையை மறுக்கலாமா?

உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விலகலாம். அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை (1981). விலகியதும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

பாதுகாப்புக் காலணிக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சரியா?

தவறு. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளி தலையில் விழக் கூடாது என்று அதே 155 சொல்கிறது.

கழிவுத் தொட்டிக்குள் இறங்க முகக்கவசம் கொடுக்கிறார்கள். போதுமா?

போதாது. எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பதிலை மட்டுமாவது நினைவில் வையுங்கள். முகக்கவசம் தூசியை வடிகட்டும், ஆக்சிஜனை உண்டாக்காது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. கழிவிலிருந்து வரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் வஞ்சகமானது. அளவு கூடியதும் மூக்கு மரத்து, அழுகிய முட்டை நாற்றமே தெரியாமல் போகும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று சொன்னவர்கள் உண்டு.

இறங்கும் முன் வாயு அளவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். காற்றை இடைவிடாமல் செலுத்த வேண்டும். இறங்குபவர் இடுப்புவாரில் உயிர்க்கயிறு, மேலே இழுத்துத் தூக்க மூன்று கால் தூக்குச் சட்டம், வெளியே ஒரு காவல் ஆள். அந்தக் காவல் ஆள் என்ன நடந்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986இல் விடுத்த எச்சரிக்கையின்படி, இத்தகைய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களாக இருந்தார்கள். மேசையில் உட்கார்ந்தபடி நிரப்பிய அனுமதிச் சீட்டை நம்பாதீர்கள். அளவி காட்டிய எண்ணை நீங்களே பாருங்கள்.

அபராதம் சொற்பம், கட்டிவிட்டுப் போகலாம் என்கிறார் எங்கள் முதலாளி.

கணக்குப் போடத் தெரிந்தவர். பல இடங்களில் அபராதம் ஒரு நாள் உற்பத்திக்கும் ஈடாகாது. அதனால்தான் பிரிட்டனின் 1974 சட்டம் ஆய்வாளர் கையில் தடை அறிவிப்பைக் கொடுத்தது: ஆபத்து நீங்கும்வரை அந்த வேலை நிற்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இயந்திரம் நின்றால் அபராதத்தைப் போல ஒரு தடவை கட்டிவிட்டு மறக்க முடியாது. நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் நஷ்டம். நான் மேலே சொன்ன பிரஸ்ஸுக்குப் புதிய மூடி கேட்டு மூன்று ஆண்டுகள் எழுதினேன், "பட்ஜெட் இல்லை" என்றே பதில் வந்தது. ஆய்வாளர் அதன்மேல் தடை அறிவிப்பை ஒட்டிய நான்காம் நாள் மூடி வந்து பொருத்தியாகிவிட்டது.