முற்றம், கொட்டான், தாயக்கட்டை: கனவடிவங்கள் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியில் வெகுகாலம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஒரு பொருளின் கனவடிவத்தை எப்படி அடையாளம் காண்பது, எந்த வகையில் சேர்ப்பது என்று சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய்: டீச்சர், ஆத்தங்குடிக் கல் என்ன வடிவம் என்ற கேள்விக்கு என் மகன் 'சதுரம்' என்று எழுதினான். தப்பு போட்டுவிட்டார்கள். கல் சதுரமாகத்தானே இருக்கிறது?

கல்லின் மேல்முகம்தான் சதுரம் அம்மா. தரையில் பதித்த பிறகு அந்த ஒரு முகம் மட்டுமே கண்ணில் படுவதால் பிள்ளைக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. பதிக்காத கல் ஒன்றை அவன் கையில் கொடுங்கள். கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி, அதன் பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி எடுப்பதால் கல்லுக்கு ஒரு கனம் இருக்கும். மேலும் கீழும் இரண்டு சதுரங்கள், சுற்றிலும் நான்கு ஒடுங்கிய செவ்வகங்கள். இது கனச்செவ்வகம். அடி சதுரமாக இருப்பதால் சதுரப் பட்டகம் (அடியும் மேலும் ஒரே உருவம், ஒரே அளவாக உள்ள வடிவம்) என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

பள்ளத்தூர், ஏழாம் வகுப்பு மாணவி: மிஸ், மைசூர்பாகைச் சாய்வாக வெட்டினால் வரும் துண்டுக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை இருக்கிறது. அப்படியானால் அதுவும் கனச்செவ்வகம்தானே?

எண்ணியது அத்தனையும் சரி கண்ணு. முடிவுதான் சரியில்லை. கனச்செவ்வகம் என்றால் ஆறு முகமும் செவ்வகமாக இருக்க வேண்டும். உன் துண்டின் மேல்முகத்து மூலையில் தபால் அட்டையின் மூலையை வைத்துப் பார், பொருந்தாது. அந்த முகம் இணைகரம். ஆகவே துண்டு இணைகர அடி கொண்ட பட்டகம்.

பரீட்சைக்காகப் பிள்ளைகள் முகம், விளிம்பு, முனை அட்டவணையை மனப்பாடம் செய்வதில் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் வடிவம் வேறாக இருக்கலாம். முகங்கள் என்ன வடிவம், எந்தக் கோணத்தில் சேர்கின்றன, குறுக்கே வெட்டினால் என்ன வருகிறது என்று பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும்.

கோட்டையூரிலிருந்து ஒரு பெரியவர்: ஆச்சி, பகடை கனச்சதுரமாக இருக்கிறது, தாயக்கட்டை மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது என்று பேத்தி கேட்கிறாள். என்ன சொல்வது?

கெட்டிக்காரப் பேத்தி அண்ணே. பகடைக்கு ஆறு முகமும் ஒரே அளவுச் சதுரம் என்பதால் எந்த முகமும் மேலே வர ஒரே வாய்ப்பு. தாயக்கட்டையில் நான்கு நீண்ட செவ்வகங்கள், இரு நுனியிலும் இரண்டு சின்னச் சதுரங்கள். உருட்டிவிட்டால் நுனியில் நிற்காது, நான்கு நீண்ட முகங்களில் ஒன்றில்தான் படுக்கும். ஆட்டத்துக்கு வேண்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்ற நான்குதான். குறுக்குவெட்டு சரியான சதுரமாக இருக்க வேண்டும் என்பதைப் பேத்திக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தட்டையாகிப் போன கட்டை அகலமான முகத்திலேயே அடிக்கடி படுக்கும்.

கானாடுகாத்தான், எட்டாம் வகுப்பு மாணவன்: முகம் + முனை − விளிம்பு = 2 என்ற ஆய்லர் சூத்திரம் நடுவில் ஓட்டை உள்ள வடிவத்துக்கு வராது என்று சார் சொன்னார். எங்கள் வீட்டு வளவை (முற்றத்தைச் சுற்றிய கட்டடப் பகுதியை) அட்டையில் செய்தேன், நடுவில் முற்றம் திறந்திருக்கிறது. எண்ணினால் 2 தான் வருகிறது. சார் சொன்னது தப்பா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது தம்பி. சார் சொன்னது சரி. உன் கணக்கில் 2 வருவதற்கும் காரணம் இருக்கிறது.

நீ எண்ணியது இப்படி இருக்கும்: வெளிச்சுவர் 4, முற்றத்தைப் பார்த்த உள்சுவர் 4, மேல்தளம் 1, அடித்தளம் 1, ஆக 10 முகம். முனை 16. விளிம்பு 24. பத்தும் பதினாறும் 26, அதில் 24 போனால் 2. ஆனால் உன் மேல்தளத்தைப் பார், அதன் நடுவிலேயே ஓட்டை இருக்கிறது. அடித்தளமும் அப்படித்தான். ஓட்டை விழுந்த முகத்தை ஒரு முகமாக எண்ண இந்தச் சூத்திரம் இடம் கொடுக்காது.

இப்போது உங்கள் வீட்டு ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார். நான்கு பக்கத்துச் சாய்ப்பும் முற்றத்தின் மூலைகளில் சந்திக்கிற இடத்தில், மழைத்தண்ணீர் ஓடிவரும் கோடு ஒன்று இருக்கும். அதே கோட்டை உன் அட்டையில் வெளிமூலையிலிருந்து உள்மூலைக்கு இழு. மேலே நான்கு கோடு, கீழே நான்கு கோடு. மேல்தளம் நான்கு சரிவகமாகும், அடித்தளமும் நான்காகும். இப்போது முகம் 16, முனை 16, விளிம்பு 32. விடை 0. வடிவத்தைத் துளைத்துக்கொண்டு ஓட்டை ஒன்று போனால் வரவேண்டிய எண் அதுதான்.

ஆய்லர் இந்தச் சூத்திரத்தை 1750இல் கணிதர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். ஓட்டை உள்ள வடிவங்களுக்கு அது பொருந்தாது என்பதை சுவிட்சர்லாந்துக் கணிதர் லூயிலியே 1813இல் எடுத்துக் காட்டினார். இடையில் அறுபது ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. உனக்கு வந்த குழப்பம் பெரிய கணிதர்களையும் யோசிக்க வைத்த விஷயம்தான். இந்த அட்டை வீட்டை சாரிடம் கட்டாயம் காட்டு.

காரைக்குடி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: உருளைக்கு விளிம்பு உண்டா, இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பள்ளிப் பாடத்தில் உருளைக்கு 3 முகம் (ஒன்று வளைந்தது), 2 விளிம்பு, முனை இல்லை. கூம்புக்கு 2 முகம், 1 விளிம்பு, 1 முனை. கோளத்துக்கு ஒரே வளைமுகம். இரண்டு தட்டையான முகங்கள் சேரும் நேர்கோடுதான் விளிம்பு என்று வரையறுப்பவர்கள் உருளைக்கு விளிம்பே இல்லை என்பார்கள். கேள்வித்தாள் எந்த வரையறையைப் பின்பற்றுகிறதோ அதன்படி எழுதுங்கள். உருளையில் ஆய்லர் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள், அது தட்டையான முகங்கள் கொண்ட பன்முக வடிவங்களுக்கானது.

செட்டிநாட்டுக் கொட்டான் பின்னும் ஒரு பெண்: அக்கா, நாங்கள் பின்னுகிற கொட்டானுக்கு (ஓலைக்கூடைக்கு) அடி சதுரம், வாய் வட்டம். இதற்குக் கணக்கில் என்ன பெயர்?

பாடப்புத்தகத்தில் உள்ள எந்தப் பெயரும் இதற்குப் பொருந்தாது தங்கச்சி. பட்டகத்தையும் உருளையையும் எந்த உயரத்தில் குறுக்கே வெட்டினாலும் ஒரே உருவம், ஒரே அளவு. பிரமிடும் கூம்பும் வெட்ட வெட்டச் சிறுத்துப் போகும், உருவம் மாறாது. கொட்டானில் உருவமே மாறுகிறது. அடியில் சதுரம், நடுவில் மூலை மழுங்கிய சதுரம், வாயில் வட்டம்.

ஏசி காற்றுக்குழாய்க்குத் தகரம் வெட்டுபவர்களுக்கு இந்த வடிவம் நன்றாகத் தெரியும். சதுரக் குழாயை வட்டக் குழாயோடு இணைக்க அவர்கள் பக்கவாட்டை எட்டுத் துண்டாகப் பிரித்துக் கோடு போடுவார்கள். சதுரத்தின் நான்கு பக்கங்களில் நிற்கும் நான்கு தட்டையான முக்கோணங்கள். அவற்றுக்கு இடையே, சதுரத்தின் நான்கு மூலைகளைக் கூர்நுனியாகக் கொண்ட நான்கு சாய்ந்த கூம்புத் துண்டுகள். உங்கள் கொட்டானில் ஓலை வளைந்து கொடுப்பதால் இந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடுகிறது.

இன்னொன்றையும் அளந்து பாருங்கள். ஓலையைக் கூட்டாமல் குறைக்காமல், இறுக்கமும் மாறாமல் பின்னினால் அடியின் சுற்றளவும் வாயின் சுற்றளவும் ஒன்றாகவே இருக்கும். அடி 11 செ.மீ. சதுரம் என்றால் சுற்றளவு 44. அதே 44 வட்டமானால் குறுக்களவு 14 செ.மீ. வாய் விரிந்தது போலத் தெரிந்தாலும் சுற்றளவு கூடவில்லை, பரப்புதான் 121இலிருந்து 154 சதுர செ.மீ. ஆகியிருக்கிறது. ஒரே சுற்றளவில் அதிக இடம் பிடிப்பது வட்டம்தான்.

திருப்பத்தூரிலிருந்து ஒருவர்: கோயில் ராஜகோபுரத்தைப் பிரமிடு வகையில் சேர்க்கலாமா?

உச்சியில் படுத்திருக்கும், 'சாலை' என்று சொல்லப்படும் முகட்டுப் பகுதி தனி. அது நீளவாக்கில் கிடக்கும் அரை உருளையைப் போன்றது. கீழுள்ள உடல் பிரமிடின் இடைக்கண்டமா (உச்சியை வெட்டி எடுத்த பிரமிடா) என்பதற்கு ஒரு சோதனை உண்டு. அடித்தளத்தின் நீள அகல விகிதமும் மேல்தளத்தின் விகிதமும் ஒன்றாக இருந்தால் நான்கு மூலைக் கோடுகளும் மேலே நீட்டினால் ஒரே புள்ளியில் சேரும், அப்போது அது இடைக்கண்டம். நான்கு பக்கமும் ஒரே அளவு உள்வாங்கினால் அடி 12க்கு 8 ஆக இருப்பது மேலே 8க்கு 4 ஆகிவிடும். அங்கே கோடுகள் ஒரு புள்ளியில் சேராது, அது பிரமிடின் துண்டு ஆகாது.

புதுவயல், பலகாரக் கடை வைத்திருப்பவர்: பணியாரக் குழி அரைக்கோளமா? அப்படி வைத்துக் கணக்குப் போட்டால் மாவு மிஞ்சுகிறது.

குழியின் வாய் அகலத்தையும் நட்டநடு ஆழத்தையும் அளந்து பாருங்கள். ஆழம் சரியாக அகலத்தில் பாதி இருந்தால்தான் அரைக்கோளம் ஆக முடியும். குறைவாக இருந்தால் அது கோளத்திலிருந்து சீவி எடுத்த ஒரு துண்டு. வாய் 6 செ.மீ., ஆழம் 3 என்றால் சுமார் 56 மில்லி பிடிக்கும். அதே வாய்க்கு ஆழம் 2 தான் என்றால் சுமார் 32 மில்லிதான். ஒரு செ.மீ. ஆழம் குறைந்ததற்கு ஏறக்குறைய பாதி மாவு மிஞ்சிவிடுகிறது. குழியில் தண்ணீர் ஊற்றி, அதை மருந்து மூடியால் அளந்து பாருங்கள். உங்கள் சட்டிக்கு உரிய அளவு கிடைத்துவிடும், மாவு உப்ப விடும் இடத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.