கோயம்புத்தூர் கோச்சிங்குக்கு முன்னால் ஒரு லீவ் லெட்டர்

வணக்கம் ஐயா.

போன வாரம் கோத்தகிரியிலிருந்து மகளோடு வந்து, அவள் எழுதிய மூன்று மாதிரித் தேர்வுத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பச்சைத் தேயிலைக்குச் சரியான விலை கிடைக்காத நேரத்தில் கடன் வாங்கி, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்க வைத்து, ஆறு மாதம் இங்கிலீஷ் கோச்சிங் அனுப்பலாமா என்று கேட்டீர்கள். தாள்களைப் பார்த்துவிட்டேன். இப்போதைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விகள். ஆங்கிலத்துக்கு 30, நேரம் 20 நிமிடம். ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம், அதில் உங்கள் மகள் கெட்டி. ஆங்கிலத்திலும் அவளுக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை. தவறுகளைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் விழுகின்றன: இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்கும் சொற்களில். பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ், இஃப்.

"ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் வி ப்ளக்டு த லீவ்ஸ்" என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறாள். இன்னொன்றில், "இட் வாஸ் ரெயினிங். ஆல்தோ வி ப்ளக்டு த லீவ்ஸ்." இரண்டுமே தப்பு. ஆனால் எங்கிருந்து வந்த தப்பு என்று பாருங்கள். ஆல்தோ என்றால் 'இருந்தாலும்' என்று மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். தமிழில் "மழை பெய்தது. இருந்தாலும் கொழுந்து எடுத்தோம்" என்போம், சொல் இரண்டாம் வாக்கியத்தின் தலையில் நிற்கும். ஆங்கில ஆல்தோ நிற்க வேண்டியது மழையின் பக்கம். அது இருந்தாலே போதும், பட் வேண்டாம். 'இருந்தாலும்' என்பதற்குப் பதிலாக 'பெய்தாலும்' என்பதில் உள்ள 'ஆலும்' என்று அவள் படித்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. நாம் ஒட்டவைக்கும் பகுதியை வினையின் வாலில் வைக்கிறோம்: பெய்தாலும், பெய்ததால், பெய்தபோது. வீட்டில் நீங்கள் பேசும் படுக மொழியிலும் ஒட்டு வாலில்தான். ஆங்கிலக்காரர் அதைத் தனிச் சொல்லாக்கித் தலையில் வைக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிகாஸ் கதையும் இதுதான். 'ஏனென்றால்' என்று படித்ததால், முற்றுப்புள்ளி வைத்துவிட்டு "பிகாஸ் த பஸ் வாஸ் லேட்." என்று தனியாக நிறுத்திவிடுகிறாள். அது அரை வாக்கியம். மற்ற அரையோடு சேர்த்தே எழுத வேண்டும். பிகாஸ் போட்டபின் ஸோ போடுவதும் கூடாது.

இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்றால், இல்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை லீவ் லெட்டர் எழுதியிருப்பாள்! "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் த கிளாஸ்." காய்ச்சல் வந்ததோ இல்லையோ, வாக்கியம் மட்டும் அப்பழுக்கில்லாதது. ஒட்டுச் சொல் தலையில், நடுவில் ஒரு காற்புள்ளி, ஸோவும் இல்லை பட்டும் இல்லை. அந்த ஆஸ் இருக்கும் இடத்தில் சின்ஸ் போடலாம், பிகாஸ் போடலாம், அமைப்பு மாறாது. ஆல்தோவுக்கும் இதே அச்சுதான், பொருள் மட்டும் மாறும்.

அன்லெஸ் கொஞ்சம் வம்பு பிடித்தது. "அன்லெஸ் வி டோன்ட் ப்ரூன் த புஷஸ்" என்று எழுதியிருக்கிறாள். கவாத்து பண்ணாவிட்டால், அதாவது செடியை வெட்டிவிடாவிட்டால், என்பதில் உள்ள அந்த 'ஆவிட்டால்' முழுவதும் அன்லெஸ்ஸுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. டோன்ட் சேர்த்தால் இல்லை என்பது இரண்டு முறை வந்து அர்த்தம் தலைகீழாகிவிடும். "அன்லெஸ் வி ப்ரூன்" என்றாலே போதும்.

இஃப் விஷயத்தில் தமிழே கைகொடுக்கும். மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் நாளைக்கு மண் சரிந்தால் மலை ரயில் ஓடாது. நாளைய சங்கதிதான், ஆனால் 'சரிந்தால்' என்பதில் எதிர்காலம் இல்லை, 'ஓடாது' என்பதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்திலும் இஃப் இருக்கும் பாதியில் வில் போடாமல், ரயில் இருக்கும் பாதியில் மட்டும் போடச் சொல்லுங்கள். நாளையைப் பற்றிப் பேசும்போது வென், அன்டில் இரண்டுக்கும் இதுவே வழி. லெஸ்ட், நோ சூனர் போன்றவை தேர்வுத் தாளுக்கு வெளியே அதிகம் கண்ணில் படாதவை, தேர்வுக்கு முந்தைய வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் குரூப் 4-ம் எழுதப்போவதாகச் சொன்னாள். எழுதட்டும். அதில் ஆங்கிலத் தாள் கிடையாது, தமிழில் 100 கேள்விகள், 40 சதவீதம் வாங்கினால்தான் மீதியைத் திருத்துவார்கள். வங்கிக்கும் அதற்கும் சேர்த்தே படிக்கலாம்.

சாயங்காலம் கொழுந்து எடை போட்டு வீட்டுக்கு வந்ததும், அன்று நடந்ததைச் சின்னச் சின்ன வாக்கியமாக ஆறு எழுதட்டும். அப்புறம் இரண்டிரண்டாக ஒட்டட்டும். முதலில் தமிழில் வாலைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அதைத் தூக்கி ஆங்கிலத்தின் தலையில் வைக்க வேண்டும். செல்போனில் டைப் பண்ண வேண்டாம், அதுவே திருத்திக் கொடுத்துவிடும். நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான்கு வாரம் பார்த்துவிட்டு ஹாஸ்டலைப் பற்றிப் பேசுவோம்.