பழைய சட்டையில் ஒரு போர்வை

அன்புள்ள ஐயா,

மிச்சிகனில் இருக்கிறேன். கணவரின் அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடக்கிறது. வேலை போனால் விசாவும் போகும். நானோ வசந்தம் வந்துவிட்டதென்று ஜன்னலோரம் தக்காளி, வெண்டை நாற்று வளர்க்கிறேன், துண்டுத் துணிகளை இணைத்து குவில்ட் போர்வை தைக்கிறேன். துணிக்கே முந்நூறு டாலர் ஆகிவிட்டது. மன அமைதிக்காகத்தான். இது தப்பித்து ஓடுவதா?

ச.

அன்புள்ள ச.,

விசாவுக்கு நல்ல வக்கீலைப் பாருங்கள். நாற்றை ஏப்ரல் வெயிலை நம்பி வெளியே நட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கம் மே மாதத்திலும் ஒரே ராத்திரிப் பனி கருக்கிவிடும். வெண்டைக்கு மண்ணே சூடாக வேண்டும்.

சரி, அந்த முந்நூறு டாலருக்கு வருகிறேன். முழுசாக இருந்த புதுத்துணியை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒன்றாகத் தைக்கிறீர்கள். எதற்கம்மா?

கொஞ்ச நாளாக அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் இருக்கிற ஜீஸ் பெண்ட் கிராமத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள், குத்தகைக்குப் பருத்தி விளைவித்தவர்கள். 1932-ல் கடன் கொடுத்த வியாபாரி செத்ததும், அவர் வீட்டு ஆட்கள் வந்து மாடு, கலப்பை, தின்ன வைத்திருந்த தானியம் வரை அள்ளிக்கொண்டு போனார்கள். நாளைக்கு என்ன என்று தெரியாத வாழ்க்கை என்றால் அதுதான். பலகைச் சுவர் இடுக்கில் குளிர்காற்று வரும் வீடுகளில் பிள்ளைகளுக்குப் போர்த்த அந்தப் பெண்கள் தைத்தார்கள். கிழிந்த வேலைச் சட்டை, கால்சட்டை, சாக்குத்துணி. சில போர்வைகளில் சட்டை, கால்சட்டைப் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்கும். அந்த ஊர்ப் பெண் மிசூரி பெட்வே 1942-ல் தைத்தது, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளில். அவர் நினைவாக அதையே போர்த்திக்கொள்ள வேண்டுமென்று. மன அமைதிக்கு என்று யாரும் அங்கே துணி வாங்கவில்லை.

2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. உடனே நவீன ஓவியத்தோடு ஒப்பிட ஆரம்பித்தார்கள். ஒப்பிடட்டும்.

என் அம்மா நைந்த நூல்புடவைகளை அடுக்கி, பெரிய ஊசியால் நீளத் தையல் போட்டு, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். புதுத்துணியில் தைத்தாலென்ன என்று யாராவது கேட்டால் போச்சு. "பச்சைப்பிள்ளை முதுகில் உன் கஞ்சித்துணியைப் போடுவியா?" என்பாள். நூறு தடவை துவைத்த மெதுமெதுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை இருக்கிற வீட்டிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

அலமாரியைத் திறங்கள். உங்கள் பழைய சுடிதார், பிள்ளைக்குச் சின்னதாகிப்போன கவுன், எல்லாம் இருக்கும். பொத்தான்களைப் பிரித்து டப்பாவில் போட்டுவையுங்கள். கணவரின் சட்டையில் மட்டும் கேட்காமல் கத்தரி வைக்காதீர்கள். நேர்காணலுக்கு இரண்டு நல்ல சட்டையாவது வேண்டியிருக்கும்.