கையெழுத்திடும் முன்: அக்னிவீரராக விரும்பும் மகனின் தாயாருக்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தாங்கள் மகனை அழைத்து வந்தபோது, அவன் ஒரு கோடிட்ட நோட்டை மேசைமேல் வைத்தான். படைத் தேர்வில் வரும் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நாள்தோறும் எடுத்துக்கொண்ட நேரத்தை, பிப்ரவரியில் 6 நிமிடம் 50 நொடியிலிருந்து சென்ற ஞாயிறன்று 5 நிமிடம் 38 நொடி வரை, தேதி போட்டு எழுதியிருந்தான். அப்படி உழைக்கும் பிள்ளையிடம் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவனுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்பதால், தேர்வானால், நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் படையில் எடுக்கும் அக்னிவீரர் பணியின் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். அதைப் போடலாமா என்று கேட்டீர்கள். கணக்குப் பார்த்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

இராணுவ வேலை என்றதும் தங்கள் மனத்தில் எழுவது மூத்தாரின் வாழ்க்கை. பதினேழு ஆண்டுகள் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பியவர். மாதந்தோறும் ஓய்வூதியம், விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படி, மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். அட்டை, கேன்டீன் கார்டு, அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் என எல்லாம் அந்த ஒரு வேலையோடு வந்தன. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியதற்கு நாட்டுப்பற்றோடு இந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம். மகன் அணியப்போவதும் அதே சீருடைதான். ஆனால் அதோடு வந்த பாதுகாப்பு அவனுக்கு இல்லை.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி அக்னிவீரரின் பணிக்காலம் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். அதன் முடிவில் ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் இருபதுகளின் முதற்பாதியிலேயே வீடு திரும்புவர். அவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. படையின் சராசரி வயதை 32-லிருந்து 26-க்குக் குறைப்பதே நோக்கம் என்று அரசு சொன்னது. அது பொய்யில்லை. ஆனாலும் 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடியில் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே போகிறது என்பதையும், தளவாடக் கொள்முதல் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடிதான் இருக்கிறது என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தச் சுமையைக் குறைக்க நினைத்தார்கள் என்பது விளங்கிவிடும். செலவைக் குறைக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் அரசு இறக்கி வைத்த அந்தச் சுமை சேரும் பிள்ளையின் வீட்டு வாசலில்தான் வந்து இறங்குகிறது என்பதைப் பெற்றவர்களிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அதில்தான் எனக்கு வருத்தம்.

இனி கணக்கு. முதலாண்டில் மாதம் 30,000, அடுத்து 33,000, பிறகு 36,500, நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 30 விழுக்காட்டைப் பிடித்து நிதியில் சேர்ப்பதால் தொடக்கத்தில் கைக்கு வருவது 21,000. நான்கு ஆண்டுகளில் பிடிக்கப்படும் 5.02 லட்சத்துடன் அரசும் அதே அளவு போட்டு, வட்டியையும் சேர்த்து, சேவா நிதி என்று ஏறக்குறைய 11.7 லட்சம் வருமான வரியின்றிக் கொடுப்பதாக அறிவித்திருக்கிறார்கள். பணம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் வட்டி நீங்கலாக உள்ள பத்து லட்சத்தை வங்கியில் 7 விழுக்காட்டு வட்டிக்குப் போட்டால் மாதம் 6,000 ரூபாய்கூட வராது. மத்திய அரசின் மிகக் குறைந்த ஓய்வூதியமே அகவிலைப்படி இல்லாமல் 9,000. மேலும், பத்து லட்சம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால், அக்காளின் கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு, சித்தப்பாவின் கடன் என்று எல்லாம் அதற்காகவே காத்திருக்கும். நம் வீடுகளின் வழக்கம் அது.

கேட்கவே தங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பணியின் காரணமாக உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால், 48 லட்சம் காப்பீடும் 44 லட்சம் கருணைத் தொகையும், எஞ்சிய காலத்துச் சம்பளமும் குடும்பத்துக்கு வரும். வாழ்நாள் முழுதும் மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் வராது.

வெளியே வந்தபின் மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 10 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு என்று 2022-லேயே அறிவித்தார்கள். வயது வரம்பில் தளர்வும் உண்டு. நல்லதுதான். ஆயினும் முதல் அணி பயிற்சிக்குச் சென்றது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் என்பதால், எத்தனை பேர் உண்மையில் வேலை பெற்றார்கள் என்பதை அவர்கள் நான்கு ஆண்டுகளை முடித்து வந்த பிறகே கண்ணால் பார்க்க முடியும். ஒதுக்கீடு என்பது வரிசையில் ஓர் இடம். அதையே வேலை என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே என் கருத்தைச் சொல்கிறேன். இந்த ஆண்டு கையெழுத்திட வேண்டாம். மறுப்பதற்காக அல்ல, தள்ளிப்போடுவதற்காகச் சொல்கிறேன். உச்ச வயதை எட்ட மகனுக்கு இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. ப்ளஸ் டூ முடித்திருக்கிறான்; அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்த்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு அவனுக்குத் தகுதி உண்டு; ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் அது பொருந்தும். காலை ஓட்டத்தை அவன் நிறுத்த வேண்டியதில்லை. பத்தொன்பதரை வயதில் சான்றிதழுடன் அக்னிவீர் டெக்னிக்கல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் தருகிறார்கள். அப்போது தேர்வாகி நான்கு ஆண்டுகளில் திரும்ப நேர்ந்தாலும், கையில் ஒரு தொழிலும் ஒழுங்குள்ள நான்கு ஆண்டு அனுபவமும் இருக்கும். அவனும் பதினெட்டைக் கடந்திருப்பான். முடிவும் கையொப்பமும் அவனுடையதாகவே இருக்கும்.

படைக்குத் தேர்வாகாவிட்டாலும் அந்தச் சான்றிதழ் வீணாகாது. பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணம் சிப்பாய்க்கு மட்டும் போவதில்லை. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஆர்டர் வந்தது. அதை நிறைவேற்றத் தேவைப்படுபவர்கள் ஃபிட்டர்களும் வெல்டர்களும் மெஷினிஸ்டுகளும்தான். அங்கும் அண்மையில் ஒப்பந்த அடிப்படையிலேயே டெக்னீஷியன்களை எடுக்கிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ முறையான கம்பெனி ஒன்றில் சேர்ந்தாலும் பி.எஃப். என்ற வருங்கால வைப்புநிதி, சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு ஆகிய சட்டப் பாதுகாப்பு உண்டு. வேலைக்குச் சேரும் நாளில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இவ்விரண்டையும் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

எந்த வழியில் போனாலும், பதினெட்டு நிறைந்ததும் வங்கியில் அடல் பென்ஷன் கணக்கு ஒன்றைத் தொடங்கச் செய்யுங்கள். அந்த வயதில் மாதம் 210 ரூபாய் கட்டினால் அறுபதுக்குப் பின் மாதம் 5,000 வரும். நாற்பது ஆண்டு கழித்து அந்தப் பணத்தின் மதிப்பு குறைந்திருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் மூத்தாருக்கு அரசு தானாகச் செய்ததை இனி நாமே சிறுகச் சிறுகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மகன் இதற்கு உடன்பட மாட்டான் என்று அஞ்சுகிறீர்கள். அவனிடம் வாதாட வேண்டாம். அந்த ஓட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஐந்தாம் ஆண்டின் முதல் மாதத்தில் தான் எந்த ஊரில், என்ன வேலையில், எவ்வளவு சம்பளத்தில் இருப்பேன் என்பதை அவன் கைப்பட எழுதி, வரும் சனிக்கிழமை பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களுடன் கொண்டுவரச் சொல்லுங்கள். அவன் எழுதியதை வைத்துக்கொண்டு மூவருமாகப் பேசுவோம்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்