இன அழிவு, பரிணாமம், செல்: காசு செலவில்லாமல் எப்படி நடத்துவது?

தஞ்சாவூர்ப் பக்கம் பத்தாம் வகுப்புக்கு இந்த மூன்றையும் நடத்த இலவசமாக என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணையத்தில் இரண்டு போதும். ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் பயோஇன்டராக்டிவ் தளத்தில் குறும்படங்களும் பயிற்சித்தாள்களும் இலவசம். ஆங்கிலம் தடையென்றால் சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே தமிழில் சொல்லுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் திரையில் ஓடும் முயல்களை வைத்து இயற்கைத் தேர்வைக் காட்டலாம். வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போனால் வகுப்பில் நெட் வேண்டாம்.

அப்புறம் நம்மூர்ச் சரக்கு. செல்லுக்கு எல்லாரும் வெங்காயத் தோலை உரிப்பார்கள். எனக்குப் பிடித்தது வாய்க்காலில் கிடக்கும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி. இலை இரண்டே செல் தடிமன். வெட்டவோ சாயம் போடவோ வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் செல்சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். பிள்ளைகளை நுண்ணோக்கியிடமிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடு.

பரிணாமத்துக்கு நெல்வயல் புகையான் பூச்சி. ஒரே மருந்தை அடிக்க அடிக்க, தாங்கி நின்ற பூச்சிதான் முட்டையிடும். நாளடைவில் மருந்து கேட்காது. “பூச்சி பழகிடுச்சு சார்” என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான். பாடமே அங்கேதான்: பழகவில்லை, மருந்தைத் தாங்காததெல்லாம் செத்துவிட்டது, மிச்சம் இருப்பது முன்பே தாங்கக்கூடியதாக இருந்தவற்றின் வம்சம்.

இன அழிவா? கொள்ளிடம் தாண்டி அரியலூர் போங்கள். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் அம்மோனைட் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்த கடல் உயிரி.