ஆயா பேருக்கு கரடின்னு அர்த்தமா?

கேள்வி: எனக்கு பொண்ணு பொறந்து இருவது நாள் ஆவுது. எங்க ஆயா பேரு பெர்னதெத், அதையே வைக்கணும்னு ஆசை. ஆனா அது பிரெஞ்சு பேரு, கரடின்னு அர்த்தம்னு நாத்தனார் சொன்னதுலேர்ந்து வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. நெஜமாவா? – ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: நாத்தனார் சொன்னதுல பாதி சரிம்மா. பெர்னார்ட்னு பழைய ஜெர்மானிய ஆம்பளப் பேரு ஒண்ணு, அதுல முன்பாதி கரடி, பின்பாதி உறுதி, தைரியம், அதாவது கரடி மாதிரி அசராத ஆளு. நம்மள்ல நரசிம்மன்னு பேரு வச்சா யாரும் சிரிக்கிறதில்லையே. அந்தப் பேரு பிரெஞ்சுல பொம்பளைக்கு பெர்னார்த் ஆச்சு, அதுக்கு 'எத்'னு ஒரு செல்ல வால் ஒட்டுனா பெர்னதெத். வால் ஒட்டுனா சின்னதுன்னு அர்த்தம், பாட்டு கேட்டோமே கேசட், அதுவும் பிரெஞ்சுல குட்டிப் பெட்டிதான், சுருட்டுக்கு சிகார்னு பேரு, சின்னதா சுத்துனா சிகரெட், எல்லாம் அதே வால்.

இந்தப் பேரை உலகம் பூரா கொண்டு போனது ஒரு ஏழைப் பொண்ணு. பிரான்ஸ்ல லூர்துங்கற ஊர்ல மாவு அரைக்கிறவர் வீட்ல 1844 ஜனவரி 7-ல பொறந்தா, அவளுக்கு ஞானத்தாயா நின்னது அம்மாவோட அக்கா, அந்தப் பெரியம்மா பேரு பெர்னார்த், அதனால மரி பெர்னார்த்னு ஞானஸ்நானம் குடுத்தாங்க, வீட்ல செல்லமா கூப்ட்டதுதான் பெர்னதெத், கடைசில அதுவே நெலைச்சுப்போச்சு. ஆஸ்துமா வேற, ஆளும் குள்ளம். 1858 பிப்ரவரி 11-ல வெறகு பொறுக்கப் போன எடத்துல, ஒரு குகையில மாதாவைப் பாத்ததா சொன்னா, அப்ப வயசு 14, ஜூலை வரைக்கும் மொத்தம் 18 தடவை. போலீஸ் கூப்ட்டு வெரட்டியும் பேச்சை மாத்தல, அந்த உறுதிதாம்மா அந்தப் பேரோட அர்த்தம். 1879-ல செத்துப்போனா, 1933-ல புனிதர் பட்டம். நீங்க பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போயிருப்பீங்க, அந்த மாதாவுக்கு லூர்துன்னு பேரு வந்ததே இவளாலதான்.

பர்த் சர்டிபிகேட்ல தமிழ்ல பெர்னதெத்னே எழுதுங்க. பெர்னடெட்ங்கறது இங்கிலீஷ்காரங்க வாய், பிரெஞ்சுல நம்ம 'த' மாதிரிதான் வரும், உங்க ஆயாவை கூப்ட்டதுதான் கரெக்ட்டு. ஞானஸ்நானத்துக்கு அந்த நாத்தனாரையே ஞானத்தாயா நிக்கச் சொல்லுங்க.